நிழல் விழுந்த வளவில் பூ வளர்ப்பது

2010ஐ ஒட்டிக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்த குடும்பங்களின் வளவுகளை அந்த நாட்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒதுங்கி நிற்க ஒரு மரம் இராது. தகரக் கொட்டில் விழுத்தும் நிழல்தான் நிழல். கல்வீடு எழும்பிய கையோடு பலரும் செய்த முதல் வேலை மாங்கன்றும் தென்னம்பிள்ளையும் வைத்ததுதான். அந்த மரங்கள் இப்போது கூரைக்கு மேலே போய்விட்டன. மத்தியானத்தில் கதிரையைப் போட்டு உட்கார நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முற்றத்துச் செவ்வரத்தை பூப்பதைக் குறைத்துவிட்டது, ரோசா மெலிந்து நெடுத்துவிட்டது, பட்டிப்பூ கூட ஏனோதானோ என்று நிற்கிறது. "மாமரத்துக்குக் கீழே என்ன வைத்தாலும் வருவதில்லை" என்று சொல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை.

நிழலில் இலை வளர்ப்பது எளிது. குரோட்டன் இருக்கிறது, பன்னச்செடி இருக்கிறது. நிழலில் நிறம் நிறமாகப் பூ வேண்டும், அதுவும் செலவில்லாமல் வேண்டும் என்றால் தெரிவுகள் சுருங்கிவிடும். நான் முதலில் கைகாட்டுவது இம்பேஷன்ஸ். வன்னியில் அது வளருமா என்று கேட்டால், வளரும். ஆனால் மழை வரும் நாளைப் பார்த்து வைத்தால்தான் வளரும்.

எந்தச் செடியைச் சொல்கிறோம்

இம்பேஷன்ஸ் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு பெரிய பேரினத்தின் பெயர். நம் காசித்தும்பை அதில் ஒன்று. முற்றிய காயைத் தொட்டவுடன் வெடித்து விதையை வீசும் அந்தக் குணத்தை வைத்துத்தான் பொறுமையற்றது என்ற பொருளில் இலத்தீனில் இப்பெயர் வந்தது. இலங்கையின் ஈரக் காடுகளில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் தாமாகவே வளர்கின்றன. எங்கள் வளவுக்குத் தேவையானவை மூன்றுதான்.

முதலாவது காசித்தும்பை. தென்னாசியாவிலேயே பிறந்த செடி. நிமிர்ந்து முழங்கால் உயரம் வளரும். பூக்கள் தண்டோடு ஒட்டி இலைக்குள் ஒளிந்திருக்கும். மூன்றிலும் வெயிலைக் கூடுதலாகத் தாங்குவது இதுதான். விதை போட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும், காய்க்கும், பிறகு செத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் முதல் மாரிக்கு இதைத்தான் வைக்க வேண்டும். பிழைத்தாலும் ஒரு பிடி விதையோடு போயிற்று.

இரண்டாவது, பூங்கன்று விற்பவர்கள் வெறுமனே இம்பேஷன்ஸ் என்று சொல்வது. கிழக்கு ஆபிரிக்காவில், கென்யாவிலிருந்து மொசாம்பிக் வரையுள்ள பகுதியைச் சேர்ந்தது. ஓரடிக்குள் புதராகப் படர்ந்து, தட்டையான ஐந்திதழ்ப் பூக்களை இலைக்கு மேலே விரித்துக் காட்டும். வெள்ளை, ரோசா, சிவப்பு, ஊதா, செம்மஞ்சள் கலந்த ரோசா எல்லாம் உண்டு, நீலம் கிடையாது. யாராவது நீலப்பூ இம்பேஷன்ஸ் விதை விற்றால் வாங்காதீர்கள். மர நிழலுக்கு உண்மையான செடி இதுதான். இந்தக் கட்டுரையில் இனி இம்பேஷன்ஸ் என்றால் இதையே சொல்கிறேன்.

மூன்றாவது நியூகினி இம்பேஷன்ஸ். பூ பெரியது, இலை கடும்பச்சையாகவோ வெண்கல நிறமாகவோ மினுங்கும். 1970இல் அமெரிக்கத் தாவரச் சேகரிப்பாளர்கள் நியூகினித் தீவிலிருந்து கொண்டுபோன செடிகளிலிருந்து உருவாக்கப்பட்டது. காலை வெயில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும், விலையும் அப்படித்தான். இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் வாங்காதீர்கள்

இதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். ஒரு சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போனோம். வழியில் ஒரு நாற்றுமேடையில் வரிசை வரிசையாகப் பூத்திருந்ததைக் கண்டு பன்னிரண்டு கன்று வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்து, ஏ9 வீதி முழுக்க யன்னல் காற்று படாமல் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வந்தவர் என் மனைவி. வந்த மூன்றாம் நாள் பூ உதிர்ந்தது. இரண்டாம் கிழமை இலை உதிர்ந்தது. வைகாசியில் சோளகக் காற்று தொடங்கியபோது பன்னிரண்டு பொலித்தீன் பைகளில் பன்னிரண்டு வெந்த கீரைத்தண்டுகள் நின்றன.

கன்றில் குற்றமில்லை. அது 20 பாகை குளிரில் வளர்ந்த பிள்ளை. இந்தச் செடிக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் இதமானது; 30ஐத் தாண்டித் தொடர்ந்து காய்ந்தால் பூப்பதை நிறுத்திக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். வன்னியின் சித்திரை வெயிலும் அதன் பின்னால் வரும் வறண்ட சோளகமும் சேர்ந்தால் மலைநாட்டுக் கன்றுக்கு அது தாங்காது. எங்கள் பக்கத்தில் இதன் காலம் ஐப்பசி மழையோடு தொடங்கிப் பங்குனியோடு முடிகிறது. வயலுக்குக் காலபோகம் எப்படியோ இந்தப் பூவுக்கும் அப்படி. நாட்காட்டியில் புரட்டாசியைக் குறித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதல் வேலை: நிழலை அளந்து பாருங்கள்

நிழல் என்று பொதுவாகச் சொல்கிறோம். வளவில் ஐந்தாறு விதமான நிழல் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், எட்டுக் கற்களும் கொஞ்சம் நீறும் போதும். நட நினைக்கும் இடத்தில் கற்களை வையுங்கள். காலை 8 மணி, 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி, 4 மணி என்று ஐந்து தடவை போய்ப் பாருங்கள். வெயில் படுகிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு நீறு போடுங்கள். காலை இரண்டு தடவையும் வெயில், பிறகு நிழல் என்றால் அது முதல்தர இடம். எல்லா வேளையும் இலைகளுக்கிடையால் புள்ளி புள்ளியாக வெயில் விழுகிறதா, அதுவும் நல்ல இடம். பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் கோடு விழுந்தால் இம்பேஷன்ஸை மறந்துவிட்டுக் காசித்தும்பை போடுங்கள். ஐந்து வேளையும் ஒரு கோடும் இல்லாமல் இருண்டு கிடந்தால் செடி உயிரோடு நிற்கும், நெடுத்து வளரும், பூ மட்டும் எண்ணிப் பார்க்கும் அளவில்தான் வரும்.

வீட்டின் வடக்குப் பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; பெரும்பாலானோர் அதைக் கழிவுத் துண்டாக விட்டிருப்பார்கள். புரட்டாசி முதல் வாரம் தொடங்கிப் பங்குனி முதல் வாரம் வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்துதான் போகும். அந்த ஆறு மாதமும் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது. மார்கழி நண்பகலில் பத்தடிச் சுவர் வடக்கே ஏறக்குறைய ஆறடிக்கு நிழல் விழுத்தும். திறந்த வானத்தின் வெளிச்சம் முழுமையாக இருக்கும், சூடு இருக்காது, மரவேரின் போட்டியும் இருக்காது. இம்பேஷன்ஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடும். ஆவணி நடுப்பகுதி வரை அதே வடக்குப் பக்கம் வெயில் பக்கமாகிவிடும். மார்கழியில் கொழித்த பாத்தி ஆனியில் கருகினால் செய்வினை என்று யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

மரங்களிலும் வித்தியாசம் உண்டு. தென்னையின் கீழ் ஆடும் நிழல் அருமையானது. தேங்காயும் மட்டையும் விழும் வட்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வேம்பும் நல்லது. மாமர நிழல் நல்லதுதான், ஆனால் அதன் மேல்வேர்கள் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் போடும் எருவையும் உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். மண்வெட்டி போட்டவுடன் வேர் தட்டுப்பட்டால் அங்கே தோண்டாதீர்கள், சாடியில் வைத்து மரத்தடியில் நிறுத்துங்கள். முருங்கையின் கீழே வேண்டாம். நிழல் போதும்தான்; மயிர்க்கொட்டி விழுந்த செடியில் கைவைத்துப் பூப்பறித்தவர்களிடம் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்

எங்கள் செம்மண் ஈரத்தில் களியாகும், காய்ந்தால் ஓடாகும். இம்பேஷன்ஸின் வேர் நூல்போல மெல்லியது, அது ஓட்டைத் துளைக்காது. சாடிக்கும் பாத்திக்கும் ஒரே கலவைதான் நான் போடுகிறேன்: மேல்மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அல்லது பழைய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. உமி எந்த நெல் ஆலையிலும் கிடைக்கும். முழுவதும் சாம்பலாகாமல் கறுப்பாகக் கருகியவுடன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டிவிடும். இந்தச் செடி விரும்புவது சற்றே அமிலப் பக்கமான மண். தும்புத்தூளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று தடவை கழுவிய பின்னரே சேருங்கள். அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணகம் கூடவே கூடாது, வேரைச் சுட்டுவிடும்.

பாத்தியானால் நிலமட்டத்திலிருந்து முக்கால் அடி உயர்த்துங்கள். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் வளவுகளில் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் முழுக்க வேர் தண்ணீருக்குள் நின்றாலே இந்தச் செடி அழுகத் தொடங்கிவிடும். ஓரத்துக்குப் பழைய கூரை ஓடுகளைக் குத்தி நிறுத்தினால் மண் கரையாது. தாவாரத்துக்கு நேர் கீழே மட்டும் பாத்தி போடாதீர்கள். தகரத்திலிருந்து விழும் மழைநீர் ஒரே இரவில் குழி தோண்டி, செடியை மண்ணோடு எறிந்துவிடும்.

கன்று உண்டாக்குதல்

காசித்தும்பை விதை கடுகைவிடச் சற்றுப் பெரியது. புரட்டாசியில் நேரே பாத்தியில் கால் அங்குலம் ஆழத்தில் போட்டு மூடலாம். ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். மழை கடுமையானால் முளை அடிபடும் என்பதால் நான் யோகட் கோப்பைகளில் போட்டு, நாலு இலை வந்ததும் எடுத்து நடுகிறேன். கோப்பையின் அடியில் ஆணியால் மூன்று துளை போட மறக்காதீர்கள்.

இம்பேஷன்ஸ் விதை வேறு கதை. மிகச் சின்னது. முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே மண்ணால் மூடக்கூடாது. மேலே தூவி, இலேசாக அழுத்தி, நீர்த்தூவியால் நனைத்து, பிளாஸ்ரிக் தாளால் மூடி நிழலில் வைத்து, இரண்டு மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். அதற்குள் எறும்பு வரும், பூஞ்சணம் வரும். புதியவர் இதில் மினக்கெட வேண்டாம் என்பது என் கட்சி. தண்டு வெட்டி வைப்பதே எளிது. அது யாருடைய வீட்டிலாவது இருக்கும், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

எனக்குத் தந்தவர் பக்கத்து ஒழுங்கையிலுள்ள ஒரு மாமி. அவருடைய கிணற்றடியில் வெள்ளையும் கடும் ரோசாவும் கலந்து நின்றன. வேரோடு ஒன்று பிடுங்கித் தரும்படி கேட்டேன். "வேர் எதற்குத் தம்பி? வேரோடு கொண்டுபோனால் ஒரு செடி. தண்டாகக் கொண்டுபோங்கள், பத்துச் செடி" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்தார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

வெயில் ஏறுமுன் வெட்டினார். பூவும் மொட்டும் இல்லாத நுனித்தண்டாகத் தேடினார். கிடைக்காத இடத்தில் மொட்டைக் கிள்ளி எறிந்தார். நாலு அங்குலம் அளவு. வெட்டு விழுந்தது கணுவுக்குச் சற்றுக் கீழே, வேர் புறப்படுவது அந்தக் கணுவிலிருந்துதான். கத்திரிக்கோலை அவர் தொடவில்லை. நீர் நிறைந்த தண்டு அது, கத்திரிக்கோல் நசுக்கிவிடும், நசுங்கிய இடம் அழுகும். கீழ் இலைகளைக் களைந்து, நுனியில் மூன்று நாலு இலைகளை மட்டும் விட்டார். ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்.

வீட்டில் அவற்றைக் கண்ணாடிப் போத்தலில், இரண்டு அங்குலம் தண்ணீரில், குசினி யன்னலில் வைத்தேன். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐந்தாம் நாள் கணுவைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, பத்தாம் நாள் அரை அங்குல வேர்கள். இந்தப் பத்து நாளில் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையும் காட்டலாம். ஒரு தண்டைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்தால், கண்ணாடிபோன்ற தண்டுக்குள் சிவப்புக் கோடு ஏறுவது அன்றைக்கே தெரியும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் காசித்தும்பையை வைத்து ஆசிரியர்கள் காட்டுவதும் இதுதான்.

வேர் ஒரு அங்குலம் வந்தவுடன் மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரில் நீளமாக வளரவிட்டால் அந்த வேர்கள் மண்ணுக்குப் பழக மாட்டாமல் திணறும். முதல் நாலு நாட்களுக்கு ஒரு சோடாப் போத்தலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றி, செடியின் மேல் கவிழ்த்து வையுங்கள்.

நடுதல்

மாலை வேளையில், முகில் மூடிய நாளில் நடுங்கள். இம்பேஷன்ஸுக்கு இடைவெளி முக்கால் அடி முதல் ஒரு அடி. தொடக்கத்தில் இடம் வெறிச்சோடித் தெரியும். பொறுத்திருந்தால் ஆறு கிழமையில் மண் தெரியாமல் மூடிவிடும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் இல்லாமல் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற பாத்தியில் நடாதீர்கள். அவற்றின் வேரில் முடிச்சுப் போடும் நுண்புழு இதன் வேரையும் விடாது.

கன்று ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். ஒரு நுனி போனால் மூன்று நாலு கிளை வெடிக்கும், பூ அத்தனை மடங்கு வரும். கிள்ளியதைப் போத்தலில் போட்டால் அடுத்த கன்று. காசித்தும்பையைக் கிள்ள வேண்டியதில்லை, அது தன் பாட்டில் நிமிர்ந்து பூக்கட்டும்.

பாத்தி போட்ட மறுநாள் முதல் எதிரி வருவார்: கோழி. புதுமண்ணையும் கூட்டெருவையும் கண்டால் அதற்கு விருந்து. கால் மணித்தியாலத்தில் இருபது கன்று காற்றில் பறக்கும். கிடுகை இரண்டாக வெட்டிச் சுற்றி நிறுத்துங்கள், அல்லது கரையோரத்தில் சொந்தக்காரர் இருந்தால் கிழிந்த மீன்வலை ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். மயில் வருகிற இடமென்றால் வலையை மேலேயும் விரிக்க வேண்டும். குரங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதற்கு வழி தெரிந்திருந்தால் இந்நேரம் மாம்பழம் விற்றுக்கொண்டிருப்பேன்.

தண்ணீர்

பெரும்பாலான செடிகள் இறப்பது இங்கேதான், அதுவும் ஊற்றாததாலும் கூட ஊற்றியதாலும் சம அளவில்.

மத்தியானம் ஒரு மணிக்கு இம்பேஷன்ஸ் இலைகளைத் தொங்கப் போட்டு, பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும். உடனே வாளியைத் தூக்காதீர்கள். மண்ணுக்குள் விரலின் இரண்டாம் மடிப்பு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தாகமல்ல, சூடு. மாலை ஐந்து மணிக்குத் தானே நிமிர்ந்துவிடும். விரல் காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். மாலையிலும் நிமிரவில்லை, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் தண்டின் அடியைப் பாருங்கள். பழுப்பாகிக் குழைந்திருந்தால் வேர் அழுகிவிட்டது. நுனியில் நல்ல தண்டு இருந்தால் வெட்டிப் போத்தலில் போட்டு அதையாவது காப்பாற்றலாம்.

ஊற்றுவது காலையில், செடியின் அடியில், இலை நனையாமல். மழைநாளில் ஊற்ற வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் தாவாரத்துக்கு உள்ளே நிற்கும் சாடிக்கு மழை போய்ச் சேராது. வெளியே வெள்ளம் ஓடும்போது உள்ளே சாடி வரண்டு கிடந்ததை என் வீட்டிலேயே கண்டேன்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் கட்டி படிந்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வன்னியில் பல இடங்களில் அப்படித்தான். அந்தத் தண்ணீரிலும் செடி வளரும். ஆனால் மாதக்கணக்கில் ஊற்றினால் சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டும், புது இலை மஞ்சளாகும், இலை ஓரம் கருகும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள், அதுதான் இதற்கு அமிர்தம். முடியாவிட்டால் சாடிகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மழையில் இறக்கி வைத்து உப்பைக் கழுவவிடுங்கள். ஒன்று கவனம்: குடிநீர் சுத்திகரிக்கும் நிலையங்களில் வடிகட்டிய பின் வெளியேற்றும் தண்ணீர் சும்மா ஓடுகிறதே என்று கொண்டுவந்து பூங்கன்றுக்கு ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுகளை மாரி முடியும் வரை எடுத்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து டெங்குக் குடம்பியைக் காட்டும்போது பூவின் அழகைப் பற்றிப் பேச முடியாது.

பசளை

கொஞ்சம் போதும். மூன்று கிழமைக்கு ஒருமுறை, மாட்டெருவை ஒரு இரவு ஊறவைத்து வடித்து, வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து அடியில் ஊற்றுங்கள். வயலுக்குப் போட்டு மிஞ்சிய யூரியாவில் ஒரு பிடி அள்ளிப் போடும் ஆசை கமக்கார வீடுகளில் எல்லோருக்கும் வரும். போட்டால் இலை குதித்துக்கொண்டு வரும், பூ வராது. அளவு கூடினால் இலையும் கருகும்.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் நத்தை. இரவு ஒன்பது மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. உப்பைச் செடிக்குப் பக்கத்தில் தூவாதீர்கள். நத்தையோடு செடியும் போகும். தை பிறந்து பனியும் வரண்ட பகலும் மாறி மாறி வரும்போது சிற்றுண்ணி வரும்: இலையின் மேல் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் பாதி போய்விடும். அழுக்கணவனுக்கும் இதே வைத்தியம். மிஞ்சியதற்கு வேப்பங்கொட்டை: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

பயப்பட வேண்டிய நோய் ஒன்று இருக்கிறது. இலை வெளிறிக் கீழ்நோக்கிச் சுருளும், அடியில் வெள்ளை மாப் பூசினாற்போலத் தெரியும், ஓரிரு கிழமையில் இலையும் பூவும் கொட்டி மொட்டைத் தண்டுகள் மட்டும் நிற்கும். இது அடிச்சாம்பல் நோய். 2012ஐ ஒட்டி அமெரிக்கப் பூங்காக்களில் இம்பேஷன்ஸ் பாத்திகளைக் கூண்டோடு அழித்தது இதுதான். மருந்து தேடி நேரத்தை விடாதீர்கள். செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் போட வேண்டாம். அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் வேறு செடி வையுங்கள். நியூகினி வகைக்கு இந்த நோய் அநேகமாக வராது. குளிர்ந்த இரவில் இலை ஈரமாகக் கிடப்பதுதான் இதற்கு வாசல் திறந்துவிடும். காலையில் அடியில் ஊற்றச் சொன்னதும், இடைவெளி விடச் சொன்னதும் இதற்காகத்தான்.

கோடையைக் கடத்துதல்

காசித்தும்பையில் மாசி வாக்கில் காய்கள் தடித்து, பச்சை வெளிறி, மேல்ரோமம் பளபளக்கும். நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டால் நாளைக்கு விதை இராது. காயைத் தொடுமுன் ஒரு கடதாசிப் பையால் முழுவதும் மூடிக்கொண்டு, பைக்குள்ளேயே அழுத்துங்கள். பட்டென்று வெடித்து, ஓடு சுருண்டு, விதை பைக்குள் கொட்டும். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் தானாகச் செய்து முடிப்பார்கள். பை பிடிப்பதற்கு மட்டும் நீங்கள் நில்லுங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, மாப் பேணியில் போட்டு, பெயரும் நிறமும் எழுதி வையுங்கள். நிறம் கலந்து வரலாம், இரட்டைப்பூ ஒற்றையாகலாம். பூச்சி வந்து போன பூ அது.

இம்பேஷன்ஸைக் கோடையில் முழுவதும் காப்பாற்றப் பார்ப்பது தண்ணீருக்குக் கேடு. பங்குனி முடிவில் ஒவ்வொரு நிறத்திலும் நன்றாக நிற்கும் இரண்டு செடியை மட்டும் தெரிந்தெடுங்கள். அரைவாசிக்கு வெட்டிவிட்டு, சாடியில், வளவிலேயே ஆகக் குளிர்ந்த மூலைக்கு நகர்த்துங்கள். பல வீடுகளில் அது கிணற்றடி. வாழையின் கீழ்ப்புறம், குளிக்கும் ஈரம் எப்போதும் காற்றில் இருக்கும் இடம். சவர்க்காரத் தண்ணீர் நேரே ஓடிவராமல் இரண்டு கல் உயரத்தில் வையுங்கள். சோளகம் வீசும் பக்கத்துக்கு ஒரு கிடுகு. பூவை எதிர்பார்க்காதீர்கள், வரும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். நான் இப்படி வெட்டி எறிந்த தண்டுகளில் பாதி, கேட்டு வந்தவர்களின் போத்தல்களுக்குள் போய்விட்டது. என் கடும் ரோசா ஒருமுறை ஆடியில் செத்தபோது, அதே செடியின் தண்டை ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். ஆவணி கடைசியில் தாய்ச்செடியில் புதுத் துளிர் தெரிந்ததும் கத்தியைத் தீட்டி, போத்தல்களைக் கழுவி வைத்துவிடலாம்.